எங்கள் வீடு நீங்கலாக

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன் அறைத்தோழிக்கும் வேண்டாம். படித்ததும் கிழித்துப் போடு. கிழித்ததையும் ஒரே குப்பைத் தொட்டியில் போடாதே. இதெல்லாம் கொஞ்சம் அதிகம் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள், ஆனால் காட்டாதே.

போனில் சொல்லலாமே என்பாய். நீ போன் செய்தால் அம்மா அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சீருடைக்கு இஸ்திரி போடுகிறாள். "ம்", "சரி" தவிர நான் என்ன பேச முடியும்? பதிலைப் பேக்கரிக்காரர் மகள் விலாசத்துக்கு அனுப்பு. அவள் எனக்குப் பக்கத்து இடம். வாயைத் திறக்க மாட்டாள். திறந்தால் தின்பதற்காகத்தான் இருக்கும்.

விஷயம் இதுதான். எனக்கு இருமல். பரீட்சை முடிந்த சமயத்தில் ஆரம்பித்தது, இன்னும் போகவில்லை. சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று ஆகிவிடுகிறது. பள்ளிப் பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்தியிருக்கிறேன். பயமாக இருக்கிறது.

அம்மாவிடம் சொல் என்பாய். சொல்ல மாட்டேன். ஏனென்று கேள்.

அம்மாவின் சுகாதார நிலையத்துக்கு நான்கு மாணவர்கள் வந்திருக்கிறார்கள். டாக்டருக்குப் படிக்கும் ஒருவர், நர்ஸுக்குப் படிக்கும் ஒருத்தி, மருந்தாளர் படிப்பு ஒருத்தி, ரத்தமும் சளியும் சோதிக்கும் லேப் படிப்பு ஒருவர். இதுவரை அவரவர் கல்லூரியில் அவரவர் பாடம் என்று இருந்தவர்கள். இப்போது நால்வரும் ஒன்றாகச் சேர்ந்து வீடு வீடாகப் போய், யாருக்குக் காய்ச்சல், யாருக்கு இருமல் என்று நோய் பரவுவதற்கு முன்பே கண்டுபிடிக்கப் பழக வேண்டுமாம். பழக்குவது அம்மா. இது நன்றாக நடந்தால் இங்கேயே பயிற்சி மையம் வைத்து அம்மாவையே பொறுப்பாளர் ஆக்குவார்கள். ஆகஸ்ட் கடைசியில் மேலிடத்திலிருந்து பார்க்க வருகிறார்கள். அம்மா கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்க்கிறாள். நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரிப்பாய்.

மருந்தாளர் படிப்புக்காரிக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை என்று அம்மா நம் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள். உன் அறை, உன் கட்டில், உன் போர்வை. நான் அவளுக்கு 'மாத்திரை' என்று பெயர் வைத்திருக்கிறேன். வெள்ளையாக, உருண்டையாக, எல்லாருக்கும் நல்லது செய்யவே பிறந்தவள்போல இருப்பாள். அம்மா அவளைக் "கண்ணு" என்கிறாள். என்னை "ஏய்".

இருவரும் காலையிலேயே கிளம்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அம்மா உட்கார்ந்து, அந்த வீட்டுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்காப்பா?" என்று கேட்பாளாம். மாத்திரை சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறாள், "சிஸ்டர் கேக்கறப்ப பொய் சொல்லவே வராது" என்று. வீட்டில் நான் இருமினால் அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஏய், தண்ணி குடி" என்கிறாள்.

நிலையத்துச் சுவரில் ஒரு பெரிய வரைபடம். ஒவ்வொரு வீடும் ஒரு கட்டம். விசாரித்து முடித்த வீட்டுக்குப் பச்சைப் பொட்டு, நோயாளி உள்ள வீட்டுக்குச் சிவப்பு. நம் வீட்டுக்கு முதல் நாளே பச்சை ஒட்டியாகிவிட்டது. யார் வந்து விசாரித்தார்கள்? பணியாளர் வீட்டைப் பணியாளரே பார்த்துக்கொள்வது வழக்கமாம்.

ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கேட்கிறாளே, என்னையும் ஒரு தடவை கேட்கட்டும். மாத்திரை பக்கத்தில் இல்லாதபோது, என் முகத்தைப் பார்த்து. கேட்டால் அந்த நொடியே சொல்லிவிடுவேன். அதுவரை சொல்ல மாட்டேன். சத்தியம்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? மார்ச் விடுமுறைக்கு வந்தபோது இளைத்திருந்தாய். நன்றாகச் சாப்பிடு.

உன் தங்கை,
வாலு


ஜூன் 20

அன்புள்ள வாலுக்கு,

நான் நலம். இங்கே மழை விட்டபாடில்லை. கணக்கியல் பாடம் என்னை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அறைத்தோழிக்குக் காட்டாதே என்று எழுதியிருந்தாய். எனக்கு இப்போது அறைத்தோழியே கிடையாது. மொட்டை மாடியில் தனி அறைக்கு மாறிவிட்டேன். நல்ல காற்று.

நான் கேட்பதற்கெல்லாம் வரிசையாகப் பதில் எழுது. இரவில் வேர்க்கிறதா? தலையணை நனையும் அளவுக்கா? சளி வருகிறதா, என்ன நிறம்? சாப்பாட்டைப் பார்த்தால் வெறுப்பாக இருக்கிறதா? மூச்சை இழுத்தால் மார்பில் எங்காவது குத்துகிறதா?

ஜன்னலைத் திறந்துவைத்துப் படு. இருமும்போது முழங்கையை மடித்து வாயை மூடிக்கொள்.

கேட்டால்தான் சொல்வேன் என்பது என்ன வீம்பு? அம்மா ஜோசியமா பார்க்கிறாள்? இன்றைக்கே போய்ச் சொல். என் போர்வையைப் பற்றிக் கவலைப்படாதே, அது போனால் போகட்டும்.

அன்புடன்,
அக்கா


ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ நலம் என்று அறிந்ததில் சந்தோஷம். என் நலத்தைத்தான் நீயே வரிசை போட்டுக் கேட்டுவிட்டாயே. வேர்க்கிறது. தலையணை நனைகிறது. சளி கொஞ்சம், மஞ்சள். சாப்பாடு பிடிக்கவில்லை. குத்துவது வலப்பக்கம்.

நீ கணக்கியல்தானே படிக்கிறாய்? இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? அம்மா கேட்பதுபோலவே கேட்கிறாய்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல ஒரு நாள் போனேன். சமையலறையில் மாத்திரைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அக்கா, எனக்கு எப்போது பின்னினாள்? எனக்கு நினைவே இல்லை. மாத்திரை கண்ணை மூடிக்கொண்டு, பூனைக்குட்டி மாதிரி உட்கார்ந்திருந்தாள். நான் திரும்பி வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் அவள் குடையை எடுத்துத் துணி மூட்டைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். மறுநாள் அவள் தொப்பலாக நனைந்து வந்தாள். அம்மா தன் குடையை அவளிடம் கொடுத்துவிட்டுத் தான் நனைந்தாள். இப்போது குடையைத் திருப்பி வைக்கவும் முடியவில்லை.

நிலையத்தில் இப்போது வாரத்துக்கு ஒரு முறை இடம் மாறுகிறார்கள். டாக்டர் படிப்புக்காரர் மருந்து கொடுக்கும் ஜன்னலில், மாத்திரை லேபில், லேப்காரர் நர்ஸ் வேலையில் என்று. டாக்டர் படிப்புக்காரர் எந்நேரமும் ஸ்டெதஸ்கோப்போடு திரிவதால் அவருக்கு 'ஸ்டெத்து' என்று பெயர். முதல் நாளே மருந்து டப்பாவைக் கைதவறி ஒரு கிழவர் மடியில் கொட்டிவிட்டார். "தம்பி, எனக்கு ஒண்ணு போதும்" என்றாராம் கிழவர். அம்மா சாப்பிடும்போது இதைச் சொல்லிச் சிரித்தாள். மாத்திரையைப் பார்த்துத்தான் சொன்னாள். நானும் அதே மேஜையில்தான் இருந்தேன்.

அப்பா லாரியோடு போய் ஒரு மாதமாகிறது. நலமாக இருப்பதாகச் செய்தி.

சீக்கிரம் எழுது.

வாலு


ஜூலை 19

அன்புள்ள வாலுக்கு,

நலம். தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்கார்ந்தேன், மூன்று தடவை கிழித்துப் போட்டேன்.

தினமும் இரண்டு முட்டை சாப்பிடுகிறேன். எடை ஏறியிருக்கிறது. நீயும் முட்டை சாப்பிடு. பிடிக்காவிட்டாலும் சாப்பிடு.

எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தாய். நர்ஸ் மகளுக்கு இதுகூடத் தெரியாதா?

மாத்திரையைப் பார்த்து நீ வயிறெரிகிறாய். நான் உன்னைப் பார்த்து எரிந்திருக்கிறேன், தெரியுமா? உனக்கு அம்மை போட்டபோது அம்மா லீவு எடுத்துக்கொண்டு உன் பக்கத்திலேயே படுத்திருந்தாள். எனக்குப் போட்டபோது ஊரெல்லாம் வாந்திபேதி. என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். அந்த வீட்டு ஜன்னலிலிருந்து அவள் சைக்கிள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். மணி அடிப்பாள். இறங்க மாட்டாள். அவள் மேல் தப்பில்லை. ஆனால் எனக்கும் ஒரு வீம்பு இருந்தது. அது நல்ல வீம்பு இல்லை. அதை மட்டும் என்னிடமிருந்து கற்றுக்கொள்ளாதே.

அம்மாவிடம் சொல். இனிமேல் இதைக் கெஞ்சிக் கேட்க மாட்டேன்.

அக்கா


ஜூலை 26

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? முட்டை சாப்பிட்டேன். வாந்தி வந்தது.

உன் கடிதம் வந்த அன்றே அம்மா என்னைக் கேட்டுவிட்டாள். ஆனால் கேட்டது கணக்கில் சேருமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை ராத்திரி நால்வரும் சாப்பிட வந்திருந்தார்கள். இப்போதெல்லாம் அடிக்கடி வருகிறார்கள். சாப்பாடு முடிந்ததும் அம்மா சொன்னாள்: "வாங்க, ஒரு நாடகம் போடுவோம். கேள்வி கேக்கறது பெரிசில்ல, பதில் சொல்லாதவங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு பழகணும்." மாத்திரை விசாரிக்க வரும் ஆளாம். அம்மா அந்த வீட்டுத் தாயாம்.

"நோயாளிக்கு யாரு?" என்றார் ஸ்டெத்து.

அம்மா சுற்றிலும் பார்த்தாள். "ஏய், நீ வா. நீதான் பொண்ணு. ரெண்டு மாசமா இருமல். ஆனா வெளிய சொல்லமாட்ட. புரியுதா?"

போய் உட்கார்ந்தேன்.

மாத்திரை எதிரே வந்து உட்கார்ந்து, "உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்கேன்" என்றேன். சொன்னதும் இருமல் வந்துவிட்டது. நடிப்பில்லை, நிஜமாக. அடக்க அடக்க இன்னும் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அம்மா கைதட்டினாள். "பாத்தீங்களா! அடக்கறா பாருங்க! வீட்ல இப்படித்தான் மறைப்பாங்க. இதைத்தான் நீங்க பாக்கணும்." எல்லாரும் கைதட்டினார்கள். அம்மா என் பக்கம் குனிந்து, அந்த நாடகத் தாயாகவே கேட்டாள்: "ஏம்மா, எத்தனை நாளா இப்படி இருமற? என்கிட்ட ஏன் சொல்லல?"

என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். மாத்திரை சொன்னது சரிதான். அந்தக் குரலில் கேட்டால் பொய் வரவே வராது. வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா நிமிர்ந்து மற்றவர்களைப் பார்த்து, "இந்த இடத்துல கொஞ்ச நேரம் பேசாம இருக்கணும், அவசரப்படக் கூடாது" என்று பாடத்தை ஆரம்பித்துவிட்டாள்.

நாடகத்தில் கேட்டது கணக்கில் வராதுதானே?

எல்லாரும் போனபிறகு, "நல்லா நடிச்சடி" என்று என் முதுகில் தட்டிக்கொடுத்தாள். ரொம்ப நாளுக்குப் பிறகு அம்மா என்னைத் தொட்டாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் அழுகை வருகிறது.

மாத்திரை மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

வாலு


ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வரவில்லை. உடம்பு சரியில்லையா? பேக்கரிக்காரர் மகள் தினமும் கையை விரிக்கிறாள். அதனால் நானே எழுதுகிறேன்.

மாத்திரை என்னைப் பிடித்துவிட்டாள். நேற்று குளித்துவிட்டு வரும்போது வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"எனக்குப் பள்ளிக்கு நேரமாச்சு."

"அன்னிக்கு நீ நடிக்கலதானே?"

"நடிச்சேன். அம்மாவே சொன்னாங்களே, நல்லா நடிச்சேன்னு."

"குப்பையில இருமல் டானிக் பாட்டில் மூணு கிடந்துச்சு. சிஸ்டர் குடிக்கறதில்ல. நானும் குடிக்கறதில்ல."

"எங்க வீட்டுக் குப்பையைக் கிளறத்தான் உங்களுக்குச் சொல்லிக்குடுத்தாங்களா?"

அவள் முகம் சிவந்துவிட்டது. அப்புறம் மெதுவாக, "நான் சிஸ்டர்கிட்ட சொல்லட்டுமா? இல்ல நீயே சொல்றியா?" என்றாள்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். அவங்க எனக்கு அம்மா. உங்களுக்கு இல்ல."

கத்திவிட்டேன். அவளுக்கும் கண் கலங்கியது. அவளுக்கு அம்மா இல்லை என்று பிறகுதான் நர்ஸ் படிப்புக்காரி சொன்னாள். எனக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. அம்மா இல்லாதவளோடு எப்படிப் போட்டி போடுவது? அவள் பக்கம்தான் எல்லாரும் சாய்வார்கள்.

அக்கா, இன்று இருமியபோது கைக்குட்டையில் ஒரு சிவப்புக் கோடு இருந்தது. நூல் மாதிரி மெல்லிசாக. கழுவிவிட்டேன். ஊற வைத்தும் முழுசாகப் போகவில்லை. எழுது, அக்கா. என்ன வேலை இருந்தாலும் எழுது.

வாலு


ஆகஸ்ட் 14

என் வாலுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை.

அது காசநோயாகத்தான் இருக்கும். எப்படித் தெரியும் என்று கேட்டாயே, எனக்கும் அதுதான். ஏப்ரலில் கண்டுபிடித்தார்கள். தினமும் வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறேன், இன்னும் இரண்டு மாதம் பாக்கி. முதலில் எல்லாம் குமட்டும். பிறகு பசி வரும், தூக்கம் வரும். இப்போது நான் நிஜமாகவே நலம். என்னிடமிருந்து இனி யாருக்கும் தொற்றாது. உனக்கும் சரியாகிவிடும். பயப்படாதே. ஆனால் ஒரு நாள்கூட இனித் தள்ளாதே.

மார்ச்சில் நாம் ஒரே கட்டிலில் படுத்தோம். நான் இரவெல்லாம் இருமினேன். அம்மா, "பஸ்ல தூசி" என்றாள். மூன்று தெரு தள்ளி யாரோ இருமினால் கேட்கிற காதுக்கு என் இருமல் தூசியாகப் போயிற்று.

இங்கே மருந்து தொடங்கிய அன்று, கூட இருந்தவர்கள் யார் யார் என்று கேட்டார்கள். அவர்கள் ஒரு சீட்டு எழுதி அந்தந்தப் பகுதி நர்ஸுக்கு அனுப்புவார்கள். நர்ஸ் போய் வீட்டிலுள்ள எல்லாரையும் சோதிக்க வேண்டும். நம் பகுதி நர்ஸ் யார்? அந்தச் சீட்டு அம்மா மேஜையில் போய் விழும். சீட்டு வந்துதான் நான் அவள் கண்ணில் பட வேண்டுமென்றால் படவே வேண்டாம் என்று நினைத்தேன். எனக்கு வீட்டில் யாருமில்லை என்று சொல்லிவிட்டேன். நீ இருந்தாய், வாலு. அதைத்தான் நான் நினைத்துப் பார்க்கவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்ததும் அம்மாவிடம் போ. அவள் கேட்க மாட்டாள். நம் இருவரையும் அவள் கேட்கவே மாட்டாள், அவளுக்கு நாம் நோய் வராத பிள்ளைகள். நீ போகாவிட்டால் நான் இங்கே நம் வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிடுவேன்.

அக்கா


ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்குச் சரியாகிவருவது எனக்குச் சந்தோஷம். மாடி அறையில் தனியாக நீ மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்துப் பாடப்புத்தகத்தை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். உன்மேல் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. அது பிறகு.

விலாசத்தைக் கொடுக்காதே. கெஞ்சிக் கேட்கிறேன். முப்பதாம் தேதி சனிக்கிழமை மேலிடத்துக்காரர்கள் வருகிறார்கள். அதற்கு முன்பு அந்தச் சீட்டு வந்தால், நர்ஸ் வீட்டிலேயே இரண்டு நோயாளிகள், இரண்டையும் அவளே விட்டுவிட்டாள் என்று ஆகிவிடும். அம்மாவுக்குப் பொறுப்பாளர் வேலை கிடைக்காது. பச்சைப் பொட்டு ஒட்டியது அவள் கை.

முப்பதாம் தேதி தாண்டட்டும். நானே சொல்லிவிடுகிறேன் என்று சத்தியம் செய்து மாத்திரையின் வாயையும் மூடியிருக்கிறேன், அவளும் அன்றோடு ஊருக்குப் போய்விடுவாள். அப்புறம் வீட்டில் நானும் அம்மாவும்தான். அப்போது கட்டாயம் கேட்பாள். நான் இப்போது தனியாகத்தான் படுக்கிறேன், ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன், பேக்கரிக்காரர் மகளிடமிருந்து தள்ளி உட்காருகிறேன். அவள் நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்து ஒரு கேக் கொண்டுவந்தாள்.

பத்து நாள்தானே, அக்கா.

வாலு


ஆகஸ்ட் 25

வாலு,

பத்து நாள் முடியாது. விலாசத்தைக் கொடுத்துவிட்டேன். சீட்டு இன்று கிளம்பிவிட்டது. அம்மாவின் வேலையைவிட நீ பெரிது. அதை அம்மாவும் சொல்வாள். சொல்லாவிட்டால் நான் வந்து சொல்லவைக்கிறேன். சனிக்கிழமை இரவு வண்டிக்கு முன்பதிவு செய்திருக்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நீ இந்நேரம் வண்டி ஏறியிருப்பாய். இது உனக்குக் கிடைக்காது. இருந்தாலும் எழுதுகிறேன். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். வெளியே இருட்டிவிட்டது. அம்மா இன்னும் வரவில்லை.

உன் கடிதம் காலையில்தான் கைக்கு வந்தது. சீட்டு வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. அம்மா மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போயிருந்தாள். அதைக் கொடுப்பதுபோல நிலையத்துக்குப் போனேன்.

கூடத்தில் மேலிடத்துக்காரர்கள் மூன்று பேர் நாற்காலியில் இருந்தார்கள். அம்மா கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றாள். புதுப் புடவை. நான் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டேன்.

"இன்னிக்குக் கடைசிப் பயிற்சி" என்றாள் அம்மா. "உங்க பாடத்துல இல்லாத ஒண்ணு, ஆனா ஏதோ ஒரு வீட்ல உங்க கண்ணுல பட்டுச்சு. நம்ம வேலை இல்லன்னு விட்டிருப்பீங்க. ஆளுக்கு ஒண்ணு சொல்லணும். வீடு எதுன்னு சொல்ல வேணாம்."

ஸ்டெத்து எழுந்தார். "ஒரு வீட்ல சாப்பிட்டேன் சிஸ்டர். அந்த வேக்காட்டுல பதினாலு பதினஞ்சு வயசுப் பொண்ணு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு இருந்துச்சு. டாக்டருக்கு ஸ்வெட்டர்ல என்ன வேலைன்னு விட்டுட்டேன்."

அம்மா பலகையில் 'ஸ்வெட்டர்' என்று எழுதினாள். கண்ணாடி இல்லாததால் எழுத்து பெரிது பெரிதாக விழுந்தது.

நர்ஸ் படிப்புக்காரி, "ஒரு பொண்ணோட பாவாடை இடுப்புல ரெண்டு ஊக்கு. போன மாசம் ஒண்ணுதான் இருந்துச்சு. தச்சுக் குடுக்கலாம்னு நினைச்சேன், எடை பாக்கணும்னு தோணல" என்றாள்.

லேப்காரர் தயங்கிக்கொண்டே எழுந்தார். "கை கழுவப் போனப்ப ஒரு கைக்குட்டை ஊறிக்கிட்டு இருந்துச்சு சிஸ்டர். தண்ணி லேசாச் செம்பழுப்பு. குழாய்த் துருன்னு நினைச்சேன். லேப் ஆளு நானே அப்படி நினைச்சேன்." சொல்லும்போதே மற்ற இருவரையும் பார்த்தார். அவர்களும் அவரைப் பார்த்தார்கள். மூவருக்கும் ஒரே நேரத்தில் முகம் மாறியது. அம்மா பலகையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

"இது மூணு வீடா, ஒரே வீடா?" என்றாள் அம்மா.

லேப்காரர் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரே வீடு மாதிரி இருக்கு சிஸ்டர்" என்றார் ஸ்டெத்து, தரையைப் பார்த்துக்கொண்டு.

அம்மாவின் குரல் உயர்ந்தது. நீ அந்தக் குரலைக் கேட்டிருக்கிறாய். "அப்ப அந்த வீட்டுக்கு ஏன் சிவப்பு இல்ல? இந்தப் படத்துல இருக்கற சிவப்பு எல்லாமே எனக்குத் தெரியும், இது இல்ல. யாரு அங்க பச்சை ஒட்டினது? ஒரு பொண்ணு ரத்தம் துப்பற வரைக்கும் வீட்டுக்குள்ள இருந்திருக்கு, யாருமே கேக்கலையா? அந்த அம்மா என்ன தூங்கிக்கிட்டு இருந்தாளா?"

மேலிடத்து அம்மாள் பேனாவை மூடிவிட்டு, "எந்த வீடு?" என்று கேட்டாள்.

மாத்திரை எழுந்து நின்றாள். அவள் முறை இன்னும் வரவில்லை, அவளாகவே எழுந்தாள். நான் அதற்குமேல் நிற்கவில்லை. கண்ணாடியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். ஓடியதில் இருமல் பிடித்து நடுவழியில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

அக்கா, அவ்வளவு பயத்திலும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? என் இருமலைக்கூட மாத்திரைதான் அம்மாவிடம் சொல்லப்போகிறாள் என்று. அதை மட்டுமாவது எனக்கென்று வைத்திருந்தேன். சிரிக்காதே.

இந்நேரம் சொல்லியிருப்பாள். அத்தனை பேர் முன்னால். அம்மா என்ன செய்தாள் என்று நினைத்துப் பார்க்கிறேன். பலகையை அழித்தாளா? அந்தப் பொட்டைக் கிழித்தாளா? வேலை போயிருந்தால்? என் முகத்தில் இனி விழிக்கவே மாட்டாளா? தூங்கிக்கொண்டிருந்தாளா என்று அவளே கேட்டுவிட்டாளே, அதற்கு அவள் என்ன பதில் சொல்லியிருப்பாள்?

நீ சொன்னதுபோல முதல் நாளே போயிருக்கலாம். தலை பின்னிக்கொண்டிருந்தால் என்ன, அந்தச் சமையலறையிலேயே நின்று சொல்லியிருக்கலாம். அம்மா இப்போது வந்தால், அவள் ஒன்றும் கேட்காவிட்டாலும் நானே சொல்லிவிடலாம் என்றுதான் இருக்கிறேன். முதல் வார்த்தை எது என்றுதான் தெரியவில்லை. 'அம்மா' என்று ஆரம்பித்தால் அழுதுவி

வெளிக்கதவு திறக்கிறது. ஒருவர் செருப்புச் சத்தம்தான். இரண்டு பேர் இல்லை.

என் அறைக் கதவைத் தட்டுகிறார்கள். மெதுவாக. நம் வீட்டில் யார் தட்டுகிறார்கள்? தள்ளிக்கொண்டுதானே வருவார்கள்.

"உள்ள வரலாமா?"

அம்மா. அம்மாதான், அக்கா. தனியாகத்தான் வந்திருக்கிறாள். அம்மா என்னிடம் இப்படிக் கேட்டதே இல்லை. எனக்கு இருமல் வருகிறது. இந்தத் தடவை அடக்க